லைன் நன்றாகத்தான் இருக்கிறது: விடுமுறையில் நெட் வராத வீடுகளுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தீபாவளி விடுமுறை முடிந்த கையோடு இதை எழுதுகிறேன். அந்த நான்கு நாட்களும் கடைத் தொலைபேசி ஓயவில்லை. "லேப்டாப்பில் நெட் வரவில்லை, ஆள் அனுப்புங்கள்" என்றே அழைப்புகள். எங்கள் பையன்கள் இருவரும் பட்டாசுப் புகைக்கு நடுவே வீடு வீடாகப் படியேறி இறங்கினார்கள். பல வீடுகளில் நாங்கள் இணையம் கொடுக்கும் ஃபைபர் லைனில் ஒரு குறையும் இல்லை. லேப்டாப்பில் ஒரு பொத்தானை அணைத்துவிட்டுத் திரும்பினார்கள். அதற்கு வருகைக் கட்டணம் 200 ரூபாய் வாங்க எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் சுவரில் நாங்கள் மாட்டிய பெட்டியைப் பாருங்கள். எல்.ஓ.எஸ். என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு மின்னினால் ஃபைபர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது அலமாரிக்குப் பின்னால் மடங்கி நசுங்கியிருக்கிறது. உடனே கூப்பிடுங்கள், அது எங்கள் வேலை. சிவப்பு இல்லை, அதே வைஃபையில் மற்ற போன்களில் வீடியோ ஓடுகிறது, ஒரு லேப்டாப்பில் மட்டும் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் கோளாறு அந்த லேப்டாப்புக்குள் இருக்கிறது. ரவுட்டரைப் பத்து முறை அணைத்துப் போட்டாலும் பலன் இராது.

அடுத்து, திரையில் வரும் ஆங்கிலத்தைப் படியுங்கள். இதை யாரும் செய்வதில்லை; "ஏதோ எரர் வருகிறது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். குரோம் பெரிய எழுத்தில் 'நோ இன்டர்நெட்' என்று மிரட்டும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் எங்களை அழைக்கிறார்கள். ஆனால் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'ப்ராக்ஸி கனெக்‌ஷன் ஃபெயில்டு' என்று முடிகிற ஒரு வரி இருக்கும். பயர்பாக்ஸ் சுற்றி வளைக்காமல், ப்ராக்ஸி சர்வர் இணைப்பை மறுக்கிறது என்றே சொல்லிவிடும். ப்ராக்ஸி என்ற சொல் கண்ணில் பட்டால் பாதி வேலை முடிந்தது.

ப்ராக்ஸி என்றால் என்ன? விடுமுறைக்கு வந்த பிள்ளைகளின் லேப்டாப்பே நல்ல உதாரணம். பல பொறியியல் கல்லூரி விடுதிகளில் மாணவர்கள் நேராக இணையத்துக்குப் போக முடியாது. கல்லூரியின் ஒரு கணினி வழியாகத்தான் போக வேண்டும். எந்தத் தளம் திறக்கலாம், எது கூடாது என்பதை அது முடிவு செய்யும். அந்தக் கணினிதான் ப்ராக்ஸி, விடுதி வார்டன் மாதிரி. விடுதியில் சேர்ந்த முதல் வாரமே சீனியர் ஒருவர் அதன் முகவரியையும் 8080 அல்லது 3128 என்று ஒரு எண்ணையும் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்திருப்பார். பையன் அதை மறந்தே போயிருப்பான். வீட்டுக்கு வந்த பிறகும் லேப்டாப் அதே வார்டன் அறைக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. வார்டனோ இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். யார் கதவைத் திறப்பது?

விண்டோஸ் லேப்டாப்பில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, ப்ராக்ஸி என்று ஆங்கிலத்தில் தட்டினாலே அந்தப் பக்கம் வந்துவிடும். அதில் 'யூஸ் எ ப்ராக்ஸி சர்வர்' என்பதை அணைத்துச் சேமியுங்கள். விண்டோஸ் 11 என்றால் அந்த வரியின் ஓரத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்தினால்தான் அணைக்கும் இடம் திறக்கும். 'யூஸ் செட்டப் ஸ்க்ரிப்ட்' என்ற இன்னொரு வரியும் இருக்கும். அதில் ஏதாவது முகவரி இருந்தால் அதையும் அணையுங்கள். பிரவுசரை மூடித் திறந்தால் போதும். குரோமும் எட்ஜும் விண்டோஸ் சொல்வதைத்தான் கேட்கும். பயர்பாக்ஸ் மட்டும் தனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளக்கூடியது. மற்றதெல்லாம் வேலை செய்து பயர்பாக்ஸ் மட்டும் முரண்டு பிடித்தால், அதன் செட்டிங்ஸ் பக்கத்தின் அடிமட்டத்தில் உள்ள நெட்வொர்க் செட்டிங்ஸில் 'நோ ப்ராக்ஸி' என்று மாற்றுங்கள்.

ப்ராக்ஸி முகவரி இருக்கும் இடத்தில் 127.0.0.1 என்ற எண்ணைப் பார்த்தால் கொஞ்சம் நிதானியுங்கள். அது வெளியூர் முகவரி இல்லை. கணினி தன்னையே குறிக்கும் எண். ஏதோ ஒரு மென்பொருள் உள்ளே உட்கார்ந்துகொண்டு, "எல்லாம் என் வழியாகப் போகட்டும்" என்று எழுதி வைத்திருக்கிறது. பிறகு அந்த மென்பொருளை நீக்கியிருப்பீர்கள். அது எழுதிய வரி மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அணைத்தால் சரியாகிவிடும். அணைத்த பிறகும் மறுநாள் தானாகவே திரும்ப வந்தால் வேண்டாத விருந்தாளி இன்னும் உள்ளே இருக்கிறான் என்று பொருள். அப்போது கடைக்குக் கொண்டுவாருங்கள்.

இதில் நாங்களும் சறுக்கியிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆசிரியை கொண்டுவந்த லேப்டாப்பை, விண்டோஸ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து ஃபார்மேட் செய்துவிட்டோம். நெட் வந்தது, சரியாகத்தான் செய்தோம் என்று நினைத்துக்கொண்டோம். அடுத்த மாதமே அதே கோளாறோடு வந்தார். இம்முறை பொறுமையாகப் பார்த்தபோது ப்ராக்ஸி இடத்தில் 127.0.0.1 இருந்தது; வீடியோ இறக்குவதற்கு அவர் மறுபடி போட்ட ஓர் இலவச மென்பொருளின் வேலை. வினாத்தாள்களை அவர் பென் டிரைவில் வைத்திருந்ததால் நாங்கள் தப்பித்தோம். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

வி.பி.என். கதை வேறு. நம் இணையப் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாக அனுப்பும் செயலி அது. இதுவும் இடையில் ஒருவரை வைத்துக்கொள்வதுதான், ஆனால் பிரவுசர் மட்டுமல்ல, பெரும்பாலும் கருவியின் மொத்தப் போக்குவரத்தும் அதற்குள் போகும். வி.பி.என். அறுந்தால் இணையத்தையே துண்டித்துவிடும் 'கில் சுவிட்ச்' என்ற வசதி பல செயலிகளில் உண்டு. உங்கள் விவரம் வெளியே கசியாமல் இருக்க வைத்த பூட்டு அது. இலவச அளவு தீர்ந்தோ, சந்தா முடிந்தோ செயலி நின்றுவிட்டால் நீங்களும் பூட்டுக்குள்ளேயே நிற்பீர்கள்.

ஆண்ட்ராய்டு போனில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. வைஃபையிலும் நெட் இல்லை, சிம் டேட்டாவிலும் இல்லை, ஆனால் பக்கத்துப் போனில் இரண்டும் இருக்கிறது என்றால் முதலில் வி.பி.என். மேல் சந்தேகப்படுங்கள். செட்டிங்ஸில் வி.பி.என். என்று தேடி, செயலியின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பற்சக்கரத்தைத் தொடுங்கள். 'ஆல்வேஸ்-ஆன்' என்பதையும், வி.பி.என். இல்லாத இணைப்புகளைத் தடு என்பதையும் அணையுங்கள். பேரன் விளையாட்டுக்காகப் போட்டுவிட்டுப் போன செயலியால் ஒரு பெரியவர் இரண்டு நாள் வாட்ஸ்அப் இல்லாமல் தவித்ததை இந்த மாதம்தான் பார்த்தோம்.

"100 எம்.பி. பிளான், ஊர்கிறதே" என்பவர்களும் வி.பி.என். ஓடுகிறதா என்று பாருங்கள். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதை ஏற்காத சில பெரிய நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. ஆகவே செயலியில் 'இந்தியா' என்று தேர்ந்தெடுத்தாலும் உங்கள் பக்கம் சிங்கப்பூரைச் சுற்றிக்கொண்டு வரக்கூடும். சில அரசுத் தளங்கள் வெளிநாட்டு முகவரியிலிருந்து வருகிறவர்களுக்குத் திறப்பதும் இல்லை. வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளில் தளம் திறக்காவிட்டால் அரசைத் திட்டுவதற்கு முன் வி.பி.என்.னை அணைத்துப் பாருங்கள்.

இலவச வி.பி.என். பற்றி என் கருத்தைக் கேட்டால், வேண்டாம் என்பேன். சர்வர் வாடகை, மின்சாரம் எல்லாம் யாரோ கட்டுகிறார்கள். நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது மொத்தமும் அவர்கள் கண்முன் போகிறது. ஏன் இத்தனை தாராளம் என்று யோசியுங்கள்.

அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் மட்டும் எதையும் மாற்றாதீர்கள். அங்கே ப்ராக்ஸியும் வி.பி.என்.னும் வேண்டுமென்றே வைத்தவை. உங்கள் ஐ.டி. பிரிவைக் கேளுங்கள், நாங்களும் அதில் கை வைக்க மாட்டோம்.

மற்றவர்கள் இதையெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால், பிழை காட்டும் திரையையும் சுவர்ப் பெட்டியின் விளக்குகளையும் படமெடுத்துக் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். ஆள் வந்து பார்த்துக் காரணம் ப்ராக்ஸிதான் என்று தெரிந்தால் இனி வருகைக் கட்டணம் கிடையாது.

விடுதிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அணைப்பதற்கு முன் அந்த முகவரியையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதி லேப்டாப் பையில் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பையன் விடுதிக்குப் போய் இறங்கிய அன்றே, "இங்கே நெட் வரவில்லை, ஆள் அனுப்புங்கள்" என்று எங்களுக்குத்தான் போன் செய்வான்.

அன்புடன்,
கடை உரிமையாளர்