மந்திர பஞ்சமம் எப்படி இருக்கிறது?

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதையும் பரணிலிருந்து புல்லாங்குழலை இறக்கியதையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய். குழந்தைக்கு என் ஆசிகள். குழலைப் பற்றி உடனே எழுதாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

"காற்றுதான் வருகிறது, நாதம் வரவில்லை" என்கிறாய். முதலில் மூங்கிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார். இத்தனை வருடம் காய்ந்து கிடந்ததில் மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம். ஊதும் துளையை விரிசல் தொட்டிருந்தால் அந்தக் குழலோடு போராடாதே, வேறு வாங்கிக்கொள். விரிசல் இல்லையென்றால் உள்ளே லேசாக எண்ணெய் தடவி ஓர் இரவு வைத்துவிட்டு எடு.

குழல் சரியாக இருந்தால் கவனிக்க வேண்டியது உதடு. எத்தனை வருடம் கழித்து எடுத்தாலும் விரல்களுக்கு வரிசைகள் நினைவிருக்கும். உதட்டுத் தசை அப்படியல்ல, தளர்ந்துவிடும். இடைவெளி அகலமாகி, காற்று எதிர் விளிம்பில் பட்டுப் பிளவுபடாமல் மேலே சிதறுகிறது. உஸ்ஸென்ற அந்தச் சத்தம் அதனால்தான். தயவுசெய்து பலமாக ஊதாதே. இடைவெளியைக் குறுக்கி, மெல்லிய காற்றை விளிம்புக்கு நேராக அனுப்பு. முன்பல் கட்டியிருப்பதாகச் சொன்னாயே, அதனால் பழைய இடத்தில் உதடு பொருந்தாது. கண்ணாடி முன் நின்று, குழலை உள்ளும் வெளியுமாகச் சிறிது சிறிதாக உருட்டி, நாதம் தெளிகிற இடத்தைத் தேடு.

தம்பூராவைப் போட்டுக்கொண்டு ஷட்ஜத்தை, அதாவது 'ஸ'வை மட்டும் நீட்டு. மூச்சு முடிகிற நேரத்தில் சுருதி இறங்கப் பார்க்கும்; அங்கேதான் உதடு இன்னும் கொஞ்சம் குறுக வேண்டும். ஷட்ஜத்துக்கு மேலிரண்டு துளைகளை மூடினால் போதும். மந்திர பஞ்சமத்துக்கு, அதாவது கீழ் ஸ்தாயி 'ப'வுக்கு ஆறு. விரல் நுனியால் அல்லாமல் சதைப்பற்றால் மூடு. ஏதாவது ஒரு துளையில் இழையளவு கசிந்தாலும் மந்திர பஞ்சமம் பேசாது. அது நன்றாகப் பேசிய பிறகு, விரலை அசைக்காமல் உதட்டால் மட்டும் நடு ஸ்தாயியில் உள்ள மத்திய பஞ்சமத்துக்கு ஏறி, மறுபடி இறங்கு. நாதத்தைத் திரும்பக் கொண்டுவர இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. தலை சுற்றினால் குழலைக் கீழே வைத்துவிடு. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று பிரித்து ஊது. மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பப் பாடமான சரளி வரிசை, மெதுவான முதல் காலம் மட்டும். வர்ணம் போன்ற பெரிய உருப்படிகள் காத்திருக்கட்டும்.

புல்லாங்குழல் வித்வான் ரமணியைக் கேட்டுவிட்டு நீளக் குழல் வாங்க ஆசைப்படுவது புரிகிறது. அந்தக் கீழ் ஸ்தாயிக் கனத்துக்கு யார்தான் மயங்கமாட்டார்கள்! ஆனால் துளைகளுக்கிடையே தூரம் அதிகம், விரல்களை விரித்துப் பிடிக்க வேண்டும். உதடு ஒழுங்குக்கு வரும்வரை ஐந்து கட்டை சுருதியில் உள்ள உன் சிறிய குழலே இருக்கட்டும். புல்லாங்குழல் மேதை மாலியின் (டி.ஆர். மகாலிங்கம்) பழைய ஒலிப்பதிவுகளைக் கேள். வேகத்தை விட்டுவிடு, விளம்ப காலத்தில் ஒரு ஸ்வரத்தை எப்படித் தொடங்கி எப்படி விடுகிறார் என்று மட்டும் கவனி. அவரும் ஆண்டுக்கணக்கில் மேடையை விட்டு ஒதுங்கியிருந்து திரும்பிய மனிதர்தான்.

இங்கே என் மனைவிக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி ஏறுகிறாள். மார்கழிக் கச்சேரிகளுக்கு நீ சென்னை வருவதாக இருந்தால் எங்கள் வீட்டிலேயே தங்கு. குழலை மறக்காமல் எடுத்து வா. அதற்கு முன், மந்திர பஞ்சமம் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுது.

அன்புடன்,
ராகவன்