ஒரு நாள்கூடத் தவறவில்லை

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா (நமக்கு இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான்) சுற்றுவட்டாரத் தோட்டத்து உறவுகளுக்கும், சபையாருக்கும், கர்த்தரின் நாமத்தில் வணக்கம்.

சபை வேனின் கியர்பாக்ஸ் உடைந்து மூன்று வாரம் வண்டி பட்டறையில் கிடந்தது உங்களுக்குத் தெரியும். சிறுநீரகம் பழுதாகி, அந்த வேனை நம்பி இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்கள் ஆறு பேர். திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஒரு நாள் தவறினாலே உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும். பொட்டாசியம் ஏறிவிட்டால் இதயமே நின்றுபோகலாம். மூன்று வாரத்தில் ஒன்பது நாள். ஆறு பேரில் ஒருவருக்கும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

வண்டி நின்ற அன்று இரவே கோயில் கமிட்டித் தலைவர் என் வாசலுக்கு வந்துவிட்டார். "அண்ணே, திங்கட்கிழமை யார் யாரை ஏத்தணும், சொல்லுங்க." நான் கேட்கவே இல்லை. நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) விற்கும் மலாய்க்கார அம்மா, நம் மக்சிக், காலை வியாபாரத்தைத் தானே தனியாகப் பார்த்துக்கொண்டு மகனைக் காரோடு அனுப்பினார். பட்டறை முதலாளி, நம் தவுக்கே, கிள்ளானில் தேடி ஒரு பழைய கியர்பாக்ஸ் வாங்கிப் போட்டார். சாமானுக்கு மட்டும் காசு வாங்கினார், கூலியைத் தொடவில்லை. அந்தக் காசும் ஐந்து ரிங்கிட், பத்து ரிங்கிட்டாக உங்கள் கையிலிருந்து வந்ததுதான்.

நான் முப்பது வருடம் செம்பனைக் குலை லாரி ஓட்டியவன். என் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதானபோது, நான் லாரியை விட்டு வரமுடியாத நாள்களில் அவளைக் கூட்டிப்போனவர்கள் அக்கம்பக்கத்துக்காரர்கள். நான்கு வருடம். காருக்கு எண்ணெய்க் காசுகூடக் கேட்டதில்லை. அவள் கர்த்தரிடம் போனபின் எனக்கு விடிந்தாலும் அடைந்தாலும் ஒன்றுதான். பிள்ளைகள் வெளியூரில். ஞாயிறு ஆராதனையில் கடைசி பெஞ்சில் இருந்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்கு வந்துவிடுவேன். அப்படி ஒரு ஞாயிறு போதகர் வாசலில் மறித்தார். ஆறுதல் வசனம் ஒன்றும் சொல்லவில்லை. வேன் சாவியை என் கையில் வைத்தார். "அண்ணே, அந்த வழி உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்." போதகரே, அந்தச் சாவிக்கு நன்றி. மறுநாள் விடியற்காலை நாலரைக்கு எழுந்தேன். எழுந்து செய்ய ஒரு வேலை இருந்தது. அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது.

2020 மார்ச் 18-ல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது சுத்திகரிப்பு மையத்தின் கடிதத்தைப் போலீஸ் தடுப்பில் காட்டிக் காட்டி ஓட்டினோம். 2021-ல் உதவி வேண்டும் என்று வீடுகளில் வெள்ளைக் கொடி ஏறியபோது, ஆள்களை இறக்கிவிட்டு வரும் வழியில் அரிசியும் சார்டினும் கொடுத்துவிட்டு வருவோம். அதைக் கட்டி வைத்த சபைத் தாய்மார்தான் இன்றைக்கும் ஐந்து மணிக்கு இட்லிப் பொட்டலத்தோடு நிற்கிறார்கள். பொட்டாசியம் அதிகமுள்ள வாழைப்பழம் இவர்களுக்கு ஆகாது என்று கேட்டறிந்து, ஆப்பிள் நறுக்கி வைக்கிறார்கள்.

என் பயணிகளுக்கும் நன்றி சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது கால் தசை பிடித்து இழுக்கும், பேசத் தெம்பிருக்காது. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க முடியாமல் ஒரு அக்கா பனிக்கட்டித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டிருப்பார். அப்படியிருந்தும், "தம்பி, சாப்பிட்டியா?" என்று என்னைக் கேட்பார். என் மனைவி போனபின் அப்படிக் கேட்க எனக்கு வீட்டில் ஆளில்லை.

நல்ல சமாரியனின் கதையைச் சிறுவயதிலிருந்தே கேட்கிறேன். பைபிளில் லூக்கா பத்தாம் அதிகாரத்தில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனை அவன் தன் "சுயவாகனத்தின்மேல்" ஏற்றினான் என்று இருக்கிறது. அந்த ஒரு சொல்லில் இத்தனை நாள் நான் நின்றதில்லை. யூதனுக்குச் சமாரியன் வேற்று ஆள். ஆனாலும் இறங்கி ஏற்றினவன் அவன்தான். இந்த மூன்று வாரமும் வீட்டு வாசலில் நின்று பார்த்தேன்: கோயில்காரர் கார், மக்சிக் மகனின் கார், ஒரு நாள் தவுக்கேயின் வண்டியே. எல்லாம் சுயவாகனம். கண் நிறைந்துவிட்டது.

சனிக்கிழமை வண்டியை ஓட்டிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு வழக்கமான இடத்தில் நிற்பேன். புதிதாக ஒரு தம்பிக்குச் சிகிச்சை தொடங்குகிறதாம். அவருக்கும் இடம் இருக்கிறது, வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் அன்புள்ள,
சபை வேன் ஓட்டுநர்