புகார்: வாளித் தண்ணீரைத் தீர்த்தம் என்று கொடுத்தது குறித்து

அனுப்புநர்: விசைப்படகு உரிமையாளர், மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், யாத்திரைப் பிரிவு, தலைமை அலுவலகம், சென்னை.
நகல்: மதுரைக் கிளை (அங்கே யாராவது இருந்தால்).
பொருள்: 2025 மே மாத ‘நான்கு தாம், நான்கு வெந்நீர் தீர்த்தம்’ யாத்திரை, மூன்று இருக்கைகள்.

ஐயா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றும் வாட்ஸ்அப்பில் போனவை. மூன்றுக்கும் நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. அதனால் இதைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புகிறேன். யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்பதாவது எனக்குத் தெரியட்டும்.

யாத்திரை உங்களுடையது. இமயமலையில் யமுனோத்திரி, கங்கோத்திரி, கேதார்நாத், பத்ரிநாத் என்று நான்கு தலம்; யமுனோத்திரியில் சூரிய குண்டம், கங்கோத்திரி வழியில் கங்நானி, கேதார்நாத் வழியில் கௌரிகுண்டம், பத்ரிநாத்தில் தப்த குண்டம் என்று நான்கு வெந்நீர் ஊற்று. இதை நம்பித்தான் பணம் கட்டினோம். பதின்மூன்றாம் நாள் பத்ரிநாத் லாட்ஜில் நடந்ததையும் உங்கள் வழிகாட்டி சொல்லியிருப்பார். சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன்.

விடியற்காலை மூன்றரை மணிக்குக் கதவைத் தட்டி, அறைக்கு ஒன்றாக மூன்று இரும்பு வாளிகளை வைத்தார்கள். நான், என் மனைவி, அம்மா என்று எங்கள் அறையில் மூன்று பேர். ஒரு வாளி எப்படிப் போதும் என்றதற்கு, இன்னும் இரண்டு தரலாம், வாளி நூறு ரூபாய் என்றார்கள். முதல் வாளிக்கும் சேர்த்து 300 ரூபாய் வாங்கினார்கள். “தப்த குண்டத்துத் தண்ணிதான், இதிலேயே குளிச்சிட்டுக் கிளம்புங்க, நாலு மணிக்கு பஸ்” என்றார் உங்கள் வழிகாட்டி. என் அம்மாவுக்கு வயது 74. கண் மங்கல், காது மந்தம், மூக்கு மட்டும் இன்னும் கருவாட்டுக் கொட்டகையில் நல்லது கெட்டது பிரிக்கும் மூக்கு. வாளிக்குமேல் குனிந்தார். “ஏய்யா, இது ஊத்துத் தண்ணி இல்லைய்யா. வெறகுப் புகை வாடை அடிக்குது” என்றார். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். தகர டிரம்மின் கீழ் விறகு எரிந்துகொண்டிருந்தது. வாளியின் அடியில் கரி கூட ஒட்டியிருந்தது. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்த லாட்ஜிலிருந்து தப்த குண்டம் நடந்து போகும் தூரம்தான். முந்தின இரவு தரிசனத்துக்குப் போகும்போதே பார்த்தோம். கோயிலுக்குக் கீழே, அலக்நந்தா இரைச்சலுக்குப் பக்கத்தில், விளக்கு வெளிச்சத்தில் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே குளித்துவிட்டுத்தான் சாமி பார்க்க வேண்டும், அதுதான் முறை. “இப்ப நேரமில்லை, நடை சாத்திடுவாங்க, குளியல் காலையில” என்று விரட்டினார் உங்கள் வழிகாட்டி. காலையில் வாளி வந்தது.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நாங்கள் ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில் இருப்பவர்கள். இங்கே அக்னி தீர்த்தத்தில் முங்கி, உள்ளே 22 தீர்த்தமும் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரம் மாற்றிய பிறகுதான் சன்னிதி. என் அம்மா அறுபது வருஷமாக அப்படித்தான் சாமி கும்பிட்டிருக்கிறார். பத்ரியின் தப்த குண்டத்தில் குடிகொண்டிருப்பதும் அக்னி பகவான்தான் என்று யாரோ சொல்லி, இங்கே குளிர்ந்த கடலாக இருக்கிற அக்னி அங்கே கொதிக்கிற தண்ணீராக இருக்கிறாராம், ரெண்டையும் பார்த்துவிட்டால் போதும் என்று பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பும் ரயிலில் டெல்லி முதல் மதுரை வரை ஒரே பேச்சு: “குளிக்காம சாமி பாத்துட்டேனே.”

இதற்கு என்ன விலை போடுவீர்கள்?

போட்டீர்கள், அதையும் சொல்ல வேண்டும். ஜூலை மாதம் ஒரு கவர் வந்தது. திறந்தால் ‘அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு கூப்பன். ராமேஸ்வரம் – தனுஷ்கோடி ஒருநாள் சுற்றுலாவுக்கு 1,500 ரூபாய் தள்ளுபடி. ஐயா, நான் மண்டபத்தில் இருக்கிறேன். என் வீட்டு மாடியிலிருந்து பாம்பன் பாலம் தெரியும். பால் வாங்கப் போகிற தூரத்துக்கு எனக்குச் சுற்றுலா கூப்பனா? அனுப்பியவர் கவரில் எழுதிய விலாசத்தைக்கூடப் படிக்கவில்லையா?

உங்கள் கஸ்டமர் கேர் ஆளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன். ஜூன் 30, காலை 11.20. உங்கள் கணினியில் பதிவிருக்கும், எடுத்துக் கேளுங்கள். பதினெட்டு நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு ஒரு பையன் வந்தான். “சார், சிஸ்டத்துல நாலு தீர்த்தமும் கம்ப்ளீட்டட்னு காட்டுதே” என்றான். நான் நிதானமாகத்தான் சொன்னேன், ஒன்றில்கூட முழுசாகக் குளிக்கவில்லை தம்பி என்று. அதற்கு அவன், “ராமேஸ்வரத்துக்காரருக்குத் தீர்த்தத்துக்கா சார் பஞ்சம்? வெந்நீர்தான் வேணும்னா வீட்டுல ஒரு ஹீட்டர் மாட்டிக்குங்க” என்றான். போனை வைக்கும் முன்னால் பக்கத்தில் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. கடலில் நடுராத்திரி காற்று மாறும்போது பத்துப் பேரை வைத்து வேலை வாங்கியிருக்கிறேன், எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். இந்தச் சிரிப்பு மாதிரி எதுவும் என்னைச் சுட்டதில்லை. அந்தப் பையனை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை, அவனுக்கும் வீடு வாசல் இருக்கும். என் அம்மாவிடம் ஒரு தடவை போனில் பேசச் சொல்லுங்கள், போதும்.

யமுனோத்திரியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அங்கேதான் ஆரம்பித்தது.

அங்கே சூரிய குண்டம் என்று ஒரு ஊற்று. 88 டிகிரி சூடு என்று உங்கள் நோட்டீஸில் நீங்களே போட்டிருக்கிறீர்கள். சுமார் 3,290 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 90 டிகிரி எட்டும் முன்பே கொதித்துவிடும் என்று காலேஜ் படிக்கும் என் மகன் சொன்னான், ஆக அது கொதிக்கிற பானைக்குச் சமம். மலைக்கு அடியில் எரிமலை ஒன்றும் இல்லையாம். மழையும் பனி உருகிய தண்ணீரும் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்கே பூமிச் சூட்டில் காய்ந்து, வேறு வெடிப்பு வழியாக மேலே வருகிறதாம். அம்மா அதைக் கேட்டுவிட்டு, “எப்படியோ, அடுப்பு அவன் வச்சது” என்றார். அந்த ஊற்றில் அரிசியையும் உருளைக்கிழங்கையும் துணியில் முடிந்து இறக்கி, வெந்ததை யமுனைக்குப் படைத்துப் பிரசாதமாக ஊருக்குக் கொண்டுவருவார்கள். அம்மா வீட்டுப் பச்சரிசியை மஞ்சள் துணியில் இரண்டு முடிச்சாகக் கட்டி, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். ரயிலில் தூங்கும்போதும் கை அதன் மேல்தான்.

பஸ் நிற்கும் ஜானகி சட்டி என்ற ஊரிலிருந்து மேலே ஐந்தாறு கிலோமீட்டர் ஏற்றம். ‘முதியோருக்கு டோலி ஏற்பாடு செய்து தரப்படும்’ என்று அச்சடித்தது நீங்கள். அங்கே போனதும், “ஏற்பாடுன்னா ஆளைக் காட்டுவோம், காசு உங்களது” என்றார் வழிகாட்டி. சரி, காசு கொடுக்கிறேன், ஆளைக் காட்டுங்கள் என்றால் ஆளில்லை. எங்கள் பஸ் போய்ச் சேரும்போதே எல்லா டோலியும் ஏறிவிட்டது. பேசிப் பேசிப் பதினொன்றரை மணி. “நீ மட்டும் போயி இதைப் போட்டுட்டு வாய்யா” என்று அம்மா முடிச்சை நீட்டினார். நாலு மணிக்கு பஸ் எடுப்போம், யாருக்காகவும் நிற்காது என்றார் உங்கள் ஆள். என் முழங்கால் இருக்கிற லட்சணத்துக்கு ஏறி இறங்க அந்த நேரம் போதாது. யாரும் போகவில்லை. அந்த அரிசி வேகாமல் மண்டபத்துக்கே திரும்பி வந்துவிட்டது. பூஜை மாடத்தில் ஆணியில் தொங்குகிறது. சமைக்கவும் விடமாட்டேன் என்கிறார், காக்கைக்குப் போடவும் விடமாட்டேன் என்கிறார்.

கங்நானியில் இருபது நிமிடம் நிறுத்தினீர்கள். அதை ‘டீ பிரேக்’ என்று அறிவித்தீர்கள். வெந்நீர்க் குளம் படிக்கு மேலே இருக்கிறது என்று டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. நான் காலை மட்டும் நனைத்தேன். என் மனைவி பெண்கள் பக்கம் போய்ப் புடவை மாற்றுவதற்குள் ஹாரன்.

கௌரிகுண்டம் விஷயத்தில் உங்களை என்ன சொல்வது என்றே தெரியவில்லை. உங்கள் மஞ்சள் நோட்டீஸில் பெரிய குளம், சுற்றிப் படிக்கட்டு, மக்கள் குளிக்கும் படம். அந்தக் குளம் 2013 ஜூன் வெள்ளத்தில் போய்விட்டது. கேதாருக்கு நடக்கும் வழியில் நான் ஆளாளிடம் விசாரித்து அலைந்தேன். கொஞ்சம் வெந்நீர் கசியும் ஓர் இடத்தைக் காட்டினார்கள், அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆறு கொண்டுபோன குளத்துக்கு இன்னும் டிக்கெட் விற்கிற கம்பெனி நீங்கள்தான். வருஷா வருஷம் பஸ் விடுகிறவர்களுக்கு இது தெரியாதா?

நியாயமாகப் பேசுகிறேன். ஜோஷிமட்டுக்கு மேலே மண்சரிவில் ஆறு மணி நேரம் நின்றது உங்கள் தப்பில்லை, மலை யாருக்கும் கட்டுப்பட்டதல்ல. சாப்பாடும் குறை சொல்ல முடியாது, அந்தக் குளிரில் ரசம் சூடாகவே வந்தது. சமையல்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஆனால் மதுரைக் கிளை! மூன்று தடவை வந்தேன். முதல் தடவை மேலாளர் டூரில். இரண்டாம் தடவை “ஜூலை 24 வாங்க, செக் ரெடியா இருக்கும்” என்று தேதி கொடுத்தார்கள். அன்று ஆடி அமாவாசை. செக் என்ற வார்த்தையை நம்பி, என் அப்பாவுக்குக் கொடுக்க வேண்டிய தர்ப்பணத்தை விட்டுவிட்டு விடியற்காலை பஸ் ஏறினேன். ஊரெல்லாம் ராமேஸ்வரத்தை நோக்கி வருகிறது, நான் ஒருவன் மட்டும் எதிர்த்திசையில் போகிறேன். உங்கள் அலுவலகத்தில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே இருந்த பெண், “கேஷியர் லீவு சார், அமாவாசைக்கு ராமேஸ்வரம் போயிருக்காரு” என்றது. திரும்பும்போது மாட்டுத்தாவணியில் ராமேஸ்வரம் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பரமக்குடி வரை நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இனி கணக்கு. தலைக்கு 42,500 வீதம் மூன்று பேருக்கு 1,27,500 ரூபாய். இது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி மராமத்துப் பார்க்கவும் புது வலை எடுக்கவும் வைத்திருந்த பணம். தடை முடிந்து பழைய வலையோடுதான் கடலுக்குப் போனேன். வாரத்துக்கு மூன்று நாள்தான் கடலுக்குப் போக எங்களுக்கு டோக்கன். புது வலை இருந்திருந்தால் அந்த முதல் வாரத்தில் எவ்வளவு இறால் பட்டிருக்கும் என்று எங்கள் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் குடும்பமே இந்த யாத்திரையால் பத்து வருஷம் பின்னால் போய்விட்டது என்று சொன்னால் அது மிகையில்லை. ஆகவே முழுப் பணம், மன உளைச்சலுக்கு இரண்டு லட்சம், மதுரைக்கு மூன்று தடவை வந்து போன பஸ் சார்ஜ். வாளிக்கு வாங்கிய 300 ரூபாயைத் தனியாகத் தரவேண்டும். அதை மொத்தத்தில் சேர்க்காதீர்கள், தனி ரசீதோடு வேண்டும்.

பதினைந்து நாள் பொறுப்பேன். தயவுசெய்து இதை நட்பாகவே தீர்த்துக்கொள்வோம், எனக்கும் கோர்ட் வாசல் பிடிக்காது. இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுகிறேன். அதற்கும் அசையவில்லை என்றால் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. உங்கள் வக்கீல் சென்னையிலிருந்து வரவேண்டியிருக்கும். எந்த நாள் வாய்தா போட்டாலும் நான் வருவேன். ஆடி அமாவாசையைத் தவிர.

ரசீது, மஞ்சள் நோட்டீஸ், கரி ஒட்டிய வாளியின் படம் ஆகியவற்றின் நகல்கள் இணைத்திருக்கிறேன். உங்கள் தனுஷ்கோடி கூப்பனை மட்டும் அசலாகவே திருப்பி அனுப்புகிறேன். அமாவாசைக்கு வந்துபோன கேஷியருக்கு அடுத்த தடவை உதவும்.

இப்படிக்கு,
மண்டபம் படகுக்காரர் (ரசீதில் முதல் பெயர்)

பி.கு: சென்ற வாரம் பரமக்குடி பஸ் நிலையச் சுவரில் உங்கள் புது நோட்டீஸ் பார்த்தேன். கௌரிகுண்டம் படம் அப்படியே இருக்கிறது. விலை மட்டும் 2,000 ஏறியிருக்கிறது.