கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரைப் படியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வந்தாலே கடலூர், புதுச்சேரி கணினிக் கடைகளில் ஒரே கேள்விதான்: "அண்ணே, பழைய சிஸ்டத்துல கிராபிக்ஸ் கார்டு போட்டா கேம் ஓடுமா?" ஓடும். ஆனால் கேபினெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னால்தான் அது பதில். திறக்காமலேயே "தாராளமா ஓடும் தம்பி, நாலு ஜி.பி. கார்டு" என்று கையில் கொடுத்து அனுப்பும் வழக்கம் இரண்டு ஊரிலும் இருக்கிறது. தேர்வு முடித்த பிள்ளைக்காகப் பெற்றோர் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பணம் அதில் போகிறது.

முதலில் இந்த "நாலு ஜி.பி." கதை. கார்டில் எத்தனை ஜி.பி. மெமரி என்பது இடத்தின் அளவு; வேகத்தின் அளவு அல்ல. ஜி.டி. 730 என்ற கார்டு 4 ஜி.பி.யோடு வருகிறது. அதில் இருப்பது டி.டி.ஆர்.3 என்ற பழைய, மெதுவான வகை மெமரி, 64 பிட் வகையில் நொடிக்கு 14.4 ஜி.பி. தரவுதான் நகரும். அதே 4 ஜி.பி. உள்ள ஜி.டி.எக்ஸ். 1650 கார்டில் நொடிக்கு 128 ஜி.பி. நகரும். ஜி.டி. 730 வரிசைக்குப் புதிய கேம் டிரைவர்கள் (கார்டை இயக்கும் மென்பொருள்) வருவதும் 2021லேயே நின்றுவிட்டது. மூன்று மானிட்டர் இணைக்கவோ, மதர்போர்டில் பழுதான மானிட்டர் முனைக்கு மாற்றாகவோ அந்தக் கார்டு போதும். அதைக் 'கேமிங் கார்டு' என்று விற்பது ஏமாற்று வேலை.

ஒரே பெயரில் இரண்டு சரக்கு இருப்பதும் உண்டு. ஜி.டி. 1030 கார்டில் வேகமான ஜி.டி.டி.ஆர்.5 மெமரி வகை நொடிக்கு 48 ஜி.பி., டி.டி.ஆர்.4 வகை 16.8 ஜி.பி. ஆர்.டி.எக்ஸ். 3050 கார்டில் 8 ஜி.பி. வகை 130 வாட் இழுக்கும், 2560 கோர் (கணக்குப் போடும் சிறு அலகு) கொண்டது, 6 ஜி.பி. வகை 70 வாட்தான், 2304 கோர். டப்பாவில் பெரிய எழுத்தில் இருப்பதைப் படித்தால் போதாது, ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பதையும் படிக்க வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். கார்டைவிட முக்கியம், சிஸ்டம் முழுவதற்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். அதன் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மேலே "450 வாட்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும், அதை மறந்துவிடுங்கள். கீழே கட்டம் கட்டமாக 3.3, 5, 12 வோல்ட் என்று பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் ஆம்பியர் போட்டிருக்கும். கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் ஏறக்குறைய முழுவதுமாக அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. கேபினெட்டோடு இலவசமாக வரும் பல எஸ்.எம்.பி.எஸ்.களில் அங்கே 16 ஆம்பியர் என்று இருக்கும். 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட். தரமான 450 வாட் சப்ளையில் அந்த இடத்தில் 36 ஆம்பியர் அளவுக்கு இருக்கும். அதாவது 430 வாட்டுக்கு மேல்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸர் 84 வாட். 8 ஜி.பி. 3050 கார்டு 130 வாட். மதர்போர்டு, டிஸ்க், மின்விசிறி எல்லாம் சேர்த்து 40, 50 வாட். மொத்தம் 260 வாட்டை ஒட்டி வருகிறது. 192 வாட் கொடுக்கும் சப்ளையில் இதை மாட்டினால் டெஸ்க்டாப் வரும், யூடியூப் ஓடும், கேம் திறந்து மெனு கூட வரும். ஆட்டம் சூடு பிடிக்கும்போது திரை கறுத்து சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு பதிவு விழும். மின்சாரம் திடீரென அறுந்தது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. கார்டு கெட்டுப்போய்விட்டது என்று திருப்பிக் கொடுக்க வருபவர்கள் பலரும் இந்த வகை. கார்டு நன்றாகத்தான் இருக்கும்.

கார்டு செருகும் நீள ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். அதற்கு மேல் கேட்கும் கார்டுகளுக்கு 6 பின் (75 வாட்) அல்லது 8 பின் (150 வாட்) ஒயர் தனியாக எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வர வேண்டும். இல்லாதவர்களுக்குக் கடையில் ஒரு மாற்று ஒயர் தருகிறார்கள்: ஒரு முனை சாட்டா (ஹார்ட் டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் முனை), மறுமுனை 6 பின். இதை வாங்கவே வாங்காதீர்கள். சாட்டா முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று மெல்லிய பின்கள். மூன்றும் சேர்ந்து தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். அதில் 75 வாட் இழுத்தால் முனை இளகி, கருகி, சில நேரம் பற்றியும் எரியும். வீட்டில் ஆளில்லாத நேரம் சிஸ்டம் ஓடிக்கொண்டிருந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று: பிராசஸருக்கான 8 பின் ஒயரும் கார்டுக்கான 8 பின் ஒயரும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். மஞ்சள், கறுப்பு ஒயர்கள் இரண்டிலும் எதிரெதிர் வரிசையில் இருக்கின்றன. பிராசஸர் ஒயர் நான்கும் நான்குமாகப் பிரியும். கார்டு ஒயர் ஆறும் இரண்டுமாகப் பிரியும். பின்களின் வடிவம் பொருந்தாது. அழுத்தி ஏற்றினால் ஷார்ட். கழற்றி மாட்டும் வகை எஸ்.எம்.பி.எஸ். வைத்திருப்பவர்கள் ஒரு கம்பெனி ஒயரை மற்றொன்றில் போடக் கூடாது. கார்டுப் பக்கம் பொருந்தினாலும் சப்ளைப் பக்கம் வரிசை மாறியிருக்கும்.

நம் ஊரில் 'கேமிங் பி.சி.' என்று விற்கப்படும் பல பெட்டிகள் நிறுவனங்கள் கழித்துவிட்ட ஆபீஸ் சிஸ்டங்கள். மேலே ஒரு கலர் லைட் ஒட்டியிருப்பார்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 ஒல்லிப் பெட்டியில் சப்ளை 240 வாட்தான். அரை உயரக் கார்டு மட்டுமே உள்ளே போகும். 9020 டவரில் 290 வாட். அந்த 9020இல் மதர்போர்டுக்குப் போகும் ஒயர் வழக்கமான 24 பின் அல்ல, 8 பின். வெளிச் சந்தை எஸ்.எம்.பி.எஸ். மாட்ட வேண்டுமானால் அதற்கென்றே வரும் மாற்று ஒயர் வேண்டும். இப்படிப்பட்ட பெட்டிக்குத் தனி ஒயர் கேட்காத, 75 வாட்டுக்குள் முடியும் கார்டுதான் சரி: தனி ஒயர் தேவைப்படாத 1650, அல்லது 6 ஜி.பி. 3050. ஒல்லிப் பெட்டி என்றால் அவற்றிலேயே அரை உயரமாக வருவதைக் கேட்டு வாங்குங்கள். 1650 பெயரிலேயே 6 பின் கேட்கும் மாடல்களும் இருப்பதால் கார்டின் மேல் விளிம்பைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஆர்.எக்ஸ். 6400 கார்டையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். 53 வாட்தான், ஒயர் வேண்டாம், உண்மை. ஆனால் அது ஸ்லாட்டில் தரவு போகும் 16 பாதையில் 4ஐ மட்டும் பயன்படுத்துகிறது. நான்காம் தலைமுறைப் பாதையில் (இது ஸ்லாட்டின் தலைமுறை, பிராசஸரின் தலைமுறை வேறு) நொடிக்குச் சுமார் 8 ஜி.பி. போகும், நான்காம் தலைமுறை ஐ5 உட்காரும் எச்81 மதர்போர்டில் இருப்பது இரண்டாம் தலைமுறைப் பாதை, அங்கே 2 ஜி.பி.தான். மெமரி நிரம்பும் கேம்களில் படம் தடுக்கித் தடுக்கி ஓடும். இன்டெல் ஆர்க் கார்டுகள் பழைய போர்டில் வேண்டவே வேண்டாம். அவற்றுக்கு, பிராசஸர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே வீச்சில் அணுகும் ரீசைசபிள் பார் வசதி வேண்டும், பழைய போர்டுகளில் பெரும்பாலும் அது கிடையாது.

புதுக் கார்டு மாட்டியதும் டிஸ்ப்ளே வரவில்லையா? முதலில் மானிட்டர் ஒயரைப் பாருங்கள். மதர்போர்டிலேயே விட்டிருப்பீர்கள், கார்டுக்கு மாற்றுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் பாதிப் புகார் இதில் தீர்ந்துவிடும். வி.ஜி.ஏ. மட்டும் உள்ள பழைய மானிட்டருக்கு எச்.டி.எம்.ஐ.யை வி.ஜி.ஏ. ஆக மாற்றும் சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். வெறும் ஒயர் போதாது. அதுவும் சரியென்றால் சிஸ்டத்தை எழுப்பும் மதர்போர்டு மென்பொருளான பழைய பயாஸைச் சந்தேகியுங்கள். யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய வகை பயாஸ் இல்லாத போர்டில் பல புதுக் கார்டுகள் எழுந்து வராது. கார்டு வாங்கும் முன்பே பயாஸை அப்டேட் செய்துவிடுவது நல்லது. அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடும் என்பதால் யு.பி.எஸ். இல்லாமல் தொடாதீர்கள்.

மாட்டும் முறை எளிது. பழைய டிரைவரை சேஃப் மோடில் டி.டி.யு. மென்பொருள் கொண்டு நீக்குங்கள்; இணையத்தைத் துண்டித்துவிடுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் தானாகவே ஏதோவொரு டிரைவரை இறக்கிவிடும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியுங்கள். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பழைய கார்டை எடுக்கும்போது ஸ்லாட்டின் கடைசியில் உள்ள சின்னக் கொக்கியை அழுத்த வேண்டும். மறந்து இழுத்தால் ஸ்லாட்டே பெயரும். புதுக் கார்டு 'டிக்' என்று உட்கார்ந்த பிறகு ஸ்குரூ, அதன் பிறகு ஒயர். ஹார்ட் டிஸ்க் கூண்டு இடிக்கிறதா என்பதை வாங்கும் முன்பே ஸ்கேல் வைத்து அளந்திருக்க வேண்டும். 170 மில்லிமீட்டர் கார்டும் உண்டு, 300 மில்லிமீட்டர் கார்டும் உண்டு.

தேவனாம்பட்டினம், முதுநகர், அரியாங்குப்பம் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் கார்டின் தங்க நிறப் பற்கள் மங்கி, பச்சை பூத்துவிடும். 'நேற்று வரை ஓடியது, இன்று டிஸ்ப்ளே இல்லை' என்பதற்கு அது ஒரு காரணம். வெள்ளைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். மணல் ரப்பர் வேண்டாம், முலாம் போய்விடும். 600 வி.ஏ. என்று போட்ட யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். பேட்டரி இளைத்திருந்தால் கரண்ட் மாறும் நொடியில் கேம் ஓடும் சிஸ்டம் அணைந்துவிடும்.

செகண்ட் ஹேண்ட் கார்டு தவறில்லை. பார்த்து வாங்க வேண்டும். 2022 செப்டம்பரில், கார்டுகளை இரவு பகலாக ஓட்டி கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கும் எத்தீரியம் மைனிங் நின்றதும் ஏராளமான ஆர்.எக்ஸ். 580 கார்டுகள் சந்தைக்கு வந்தன. அசலில் 2304 கோர். அதே பெயரில் 2048 கோர் வகையும் சுற்றுகிறது. கார்டின் விவரம் காட்டும் ஜி.பி.யு-இசட் என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். பழைய சிப்பில் பொய்ப் பெயர் எழுதிய 1050 டி.ஐ. கார்டாக இருந்தால் பெயருக்கு முன்னால் 'FAKE' (போலி) என்றே காட்டும். ஸ்லாட் வேகம் 1.1 என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், சும்மா இருக்கும்போது அப்படித்தான் காட்டும். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்திச் சுமை கொடுத்தால் ஏறும். பத்துப் பதினைந்து நிமிடம் அந்தச் சுமைச் சோதனை ஓடட்டும். வெப்பம் 85 டிகிரியைத் தாண்டினாலோ திரையில் புள்ளிகள் தெறித்தாலோ எழுந்து வந்துவிடுங்கள். ஜி.டி.எக்ஸ். 900, 1000 வரிசைக்கு முழு கேம் டிரைவர்கள் 2025 அக்டோபரோடு முடிந்தன, இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டுமே. விலை பேசும்போது இதைச் சொல்லிக் குறைக்கலாம்.

கடைக்காரர்களிடம் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பில்லில் 'கிராபிக்ஸ் கார்டு 4 ஜி.பி. - 1' என்று எழுதாதீர்கள். முழு மாடல் பெயர், மெமரி வகை, சீரியல் எண், எஸ்.எம்.பி.எஸ். விற்றால் 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் ஆகியவற்றை எழுதுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்டும் வாடிக்கையாளருக்கு அந்த ஒரு வரி உரிமை உண்டு. பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சீரியல் எண் இல்லாத பில்லை வைத்துக்கொண்டு வாரண்டி கேட்கப் போனால், 'இது எங்கள் கார்டே இல்லை' என்று சொல்ல எந்தக் கடைக்கும் வழி இருக்கிறது.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்குவோர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.