மிளகாய்த்தூள் போட்டால் பாப்ரிகாஷ் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புடாபெஸ்டின் பழைய கோட்டைப் பகுதியில் ஹங்கேரிய வீட்டுச் சாப்பாடு போடும் சிறு உணவகங்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாத்யாஸ் தேவாலயம், மீனவர் கொத்தளம், 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது எல்லாம் சரியாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. பெட்டிக்குள் போட்ட கோழி பாப்ரிகாஷ் (பாப்ரிகா என்ற சிவப்பு மிளகாய் வகையின் தூளும் புளித்த கிரீமும் சேர்த்த ஹங்கேரியக் கோழிக் கறி) சமையல் குறிப்புக்குத்தான் திருத்தம் தேவை. அதன்படி செய்தால் கிடைப்பது தயிர் ஊற்றிய நம்மூர்க் கோழிக் குழம்பு.

'பாப்ரிகா கிடைக்காவிட்டால் அதே அளவு மிளகாய்த்தூள்' என்கிறது குறிப்பு. ஒரு கிலோ கோழிக்கு இனிப்பு பாப்ரிகா இரண்டு மேசைக்கரண்டி போகும். அவ்வளவு மிளகாய்த்தூளைப் போட்டால் வாயில் வைக்க முடியாது. காரத்துக்குப் பயந்து அரைக் கரண்டியாகக் குறைத்தால் நிறமும் வராது, மணமும் வராது. இந்தப் பதார்த்தத்தில் பாப்ரிகாவின் வேலை காரம் கொடுப்பதல்ல. நிறமும் மணமும் மெல்லிய இனிப்பும் கொடுப்பது. காஷ்மீரி மிளகாய்த்தூள் நிறத்தைக் கொடுக்கும், இனிப்பைக் கொடுக்காது. ஹங்கேரியில் சேகெட், கலோச்சா வட்டாரத் தூளுக்குத்தான் பெயர். பொட்டலத்தில் 'ஏடெஷ்நெமெஷ்' என்றிருந்தால் இனிப்பு வகை, 'எரோஷ்' என்றால் கார வகை. ஸ்பெயின் தூள் கிடைத்தால் அதுவும் போதும், ஆனால் புகையூட்டிய வகை வேண்டாம். தூள் செங்கல் நிறத்திலிருந்து பழுப்புக்குப் போயிருந்தால் மணம் போய்விட்டது என்று பொருள்.

அதைவிடப் பெரிய தவறு, தூளைப் போட்டு 'எண்ணெய் பிரிந்து வரும்வரை வதக்கவும்' என்பது. நம் சமையலறைக்கு அது நல்ல விதி. இங்கே அதுதான் கெடுக்கும். பாப்ரிகாவில் சர்க்கரைச் சத்து அதிகம். சூடான கொழுப்பில் சில விநாடிகளிலேயே கருகிக் கசந்துவிடும். பிறகு தக்காளி சேர்த்தாலும் சர்க்கரை சேர்த்தாலும் அந்தக் கசப்பு போகாது. கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

சரியான முறை இது. கால் கிலோவுக்குக் குறையாமல் வெங்காயத்தை மிகப் பொடியாக நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி பன்றிக் கொழுப்பிலோ சூரியகாந்தி எண்ணெயிலோ சிறு தீயில் பதினைந்து நிமிடம் வதக்க வேண்டும். கண்ணாடி போல் ஆக வேண்டும், சிவக்கக் கூடாது. சாற்றுக்குப் பாதித் திடம் இந்த வெங்காயம் கரைவதால்தான் வருகிறது. பெரிதாக நறுக்கினால் கரையாமல் தனித்தனியாக மிதக்கும். பிறகு பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, தூளைப் போட்டு நாலு கிளறு கிளறி, உடனே அரைக் கரண்டி தண்ணீர் விட வேண்டும். அதன்பின் மறுபடி அடுப்பில் ஏற்றி எலும்போடு கூடிய தொடை, கால் துண்டுகள், உப்பு, ஒரு தக்காளி, ஒரு குடமிளகாய். தண்ணீர் துண்டுகளின் பாதி உயரத்துக்கு நின்றால் போதும். மூடி போட்டுச் சிறு தீயில் நாற்பது நிமிடம். இஞ்சி, கரம் மசாலா, மல்லித்தழை எதற்கும் இங்கே வேலையில்லை.

கடைசியில் 200 மில்லி புளித்த கிரீம். ஹங்கேரியில் இதற்கு 20 சதவீதக் கொழுப்புள்ளதை எடுப்பார்கள். அது இல்லையென்றால் துணியில் கட்டி நீர் வடித்த தயிரோடு கொஞ்சம் பிரெஷ் கிரீம் சேர்க்கலாம். வெறும் தயிரை நேராக ஊற்றினால் திரிந்து போகும். ஒரு மேசைக்கரண்டி மைதாவைக் கிரீமில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கரண்டி சூடான சாற்றை அதில் விட்டுக் கலக்கி, அப்புறம் பாத்திரத்தில் ஊற்றி, தளதளவென்று கொதிக்க விடாமல் ஐந்து நிமிடம் வைத்தால் திரியாது.

தொட்டுக்கொள்ள அரிசிச் சோறு என்று போட்டிருந்தது. தவறில்லை, ஆனால் நொகெட்லி என்ற வேகவைத்த சிறு மாவுத் துண்டுகள் இல்லாத பாப்ரிகாஷ் எனக்குப் பாதிச் சாப்பாடுதான். 300 கிராம் மைதா, இரண்டு முட்டை, உப்பு, சுமார் 150 மில்லி தண்ணீர். மாவு நனையும்வரை மட்டும் கலக்க வேண்டும்; அடித்துப் பிசைந்தால் ரப்பராகிவிடும். இதற்கென்று ஹங்கேரியில் துளைத் தகடு விற்கிறார்கள்; நம் வீட்டுப் பூந்திக் கரண்டியே போதும். கொதிக்கும் உப்பு நீருக்கு மேலே வைத்து மாவைத் தேய்த்துவிட வேண்டும். ரொம்பத் தாழ்த்திப் பிடித்தால் ஆவியில் மாவு வெந்து துளைகள் அடைத்துக்கொள்ளும். துண்டுகள் மேலே மிதந்து வந்தபின் ஒரு நிமிடம் விட்டு வடித்து, வெண்ணெயில் புரட்டினால் ஒட்டாது.

படத்தில் 'குலாஷ்' என்று காட்டியது பெர்கெல்ட் என்னும் கெட்டிக் கறி. அங்கே குலாஷ் கேட்டால் உருளைக்கிழங்கு மிதக்கும் மாட்டிறைச்சி சூப்தான் வரும். அதில் போடுவது சீரகம் போலத் தோன்றும் காரவே விதை. சீரகம் போட்டால் மணமே மாறிவிடும்.

சைவர்களுக்கு 'ஃபோசெலேக்' என்ற காய்கறிக் கூட்டைக் கட்டுரை தைரியமாகப் பரிந்துரைக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். அதைக் கெட்டிப்படுத்தும் மாவைப் பன்றிக் கொழுப்பில் வறுப்பதும் உண்டு. பயறு, மொச்சை வகைகளில் புகையூட்டிய இறைச்சி கிடக்கலாம். மேலே வைத்துத் தரும் துண்டும் பெரும்பாலும் இறைச்சியோ பொரித்த முட்டையோதான். பாலாடைக்கட்டி நூடுல்ஸான துரோஷ் சுசாவின் மேல் பன்றிக் கொழுப்புப் பொரியலைத் தூவுவது வழக்கம். 'இறைச்சி இல்லையா?' என்று மட்டும் கேட்டால் போதாது. அங்கே பலர் கொழுப்பை இறைச்சியாகக் கணக்கிடுவதில்லை. 'ஷீர்' என்ற சொல்லைச் சொல்லிக் கேளுங்கள், அதுதான் பன்றிக் கொழுப்பு. இஸ்லாமிய வாசகர்களுக்கும் இது பயன்படும். குளிர்ந்த புளிச்செர்ரி சூப், இனிப்புப் பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய பலச்சிந்தா என்ற மெல்லிய அப்பம் இரண்டையும் பொதுவாகக் கவலையில்லாமல் கேட்கலாம், முட்டை ஆகும் என்றால்.

செலவு பற்றிக் கட்டுரை ஒன்றும் சொல்லவில்லை. வார நாட்களில் மதியம் 'நப்பி மெனு' (அன்றைய சாப்பாடு) என்று சூப்பும் ஒரு பதார்த்தமும் சேர்ந்த சாப்பாடு பல சிறு உணவகங்களில் மலிவாகக் கிடைக்கும். இரவில் அதைத் தேட வேண்டாம். கோட்டை இருக்கும் குன்றின் மேலே சுற்றுலா விலை; கீழே டான்யூப் கரையோரம் விசிவாரோஷ் பக்கம் இறங்கினால் குறையும். பில்லில் சேவைக் கட்டணம் பத்து முதல் பதினைந்து சதவீதம்வரை ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம். 'செர்விஸ்தீய்' என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் வையுங்கள். யூரோ வாங்கும் கடைகளில் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குச் சாதகமாக இருக்காது. ஹங்கேரி நாணயமான ஃபோரின்டிலேயே கொடுப்பது நல்லது.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி