காப்பார் அக்காவுக்கு நன்றி

எரிசக்திக் கொள்கை ஆய்வில் எனக்கு முதல் வேலை கிடைத்திருக்கிறது. இந்த நன்றி மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள காப்பார் என்ற ஊரில் இருக்கும் ஓர் அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்றார்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுத்தவர். நிலக்கரி மின்நிலையம் உள்ள ஊர் எங்களுடையது. கரண்ட் எங்கெங்கோ போகிறது, புகை யாருக்கு என்று முதலில் கேட்க வைத்தவர் அவர்தான். 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை என்னோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். சில பெரிய திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்குப் பொதுமக்களும் கருத்து எழுதலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது. தோட்டத்தில் யாரும் எங்களுக்கு அதைச் சொன்னதில்லை!

2050-க்குள் மின்னுற்பத்தித் திறனில் 70 விழுக்காடு சூரிய ஒளி, நீர் போன்ற புதுப்பிக்கத்தக்க எரிசக்தியாக இருக்க வேண்டும் என்பது 2023-இல் அரசு அறிவித்த இலக்கு. நிலக்கரி நிலையங்கள் மூடும்போது அங்கே குத்தகை வேலை செய்பவர்கள் எங்கே போவார்கள்? என் ஆய்வே அதுதான். அந்தக் கேள்வியும் அக்கா கேட்டதுதான். ரொம்ப நன்றிக்கா.