எங்கள் மகளுக்கு உடனிருந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் இம்மாத ரேட்டிங் (ஆட்டத்திறன் எண்) பட்டியலில் எங்கள் மகளின் பெயர் முதன்முறையாக இடம்பெற்றிருக்கிறது. ரேட்டிங் உள்ள ஆட்டக்காரர்களோடு குறைந்தது 5 ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும், கணக்கிட்டு வரும் எண் 1400-க்குக் குறையவும் கூடாது என்பதால், கிருஷ்ணகிரியில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த முதற்படியே பெரும்பாலும் சென்னைக்கும் பெங்களூருவுக்கும் பேருந்து ஏறுவதில்தான் தொடங்குகிறது. அந்தப் படியில் அவளை ஏற்றிவிட்டவர்கள் நீங்கள்.

செய்தி கேட்டு வாழ்த்தியவர்களில் பலர், செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டரை உலகிலேயே மிக இளம் வயதில் பெற்ற சாதனையை இவள் முறியடிப்பாளா என்று ஆசையோடு கேட்டார்கள். 2021-ஆம் ஆண்டு ஜூன் 30-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் அமெரிக்கச் சிறுவன் அபிமன்யு மிஸ்ரா அந்தப் பட்டத்துக்குத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 12 ஆண்டு, 4 மாதம், 25 நாள். அதற்கு முன் ஏறத்தாழ 19 ஆண்டுகள் அச்சாதனை செர்கெய் கர்யாகினிடம் இருந்தது. நம் சென்னைப் பிள்ளை குகேஷ் 2019 ஜனவரியில் அதை 17 நாள் வித்தியாசத்தில் தவறவிட்டார். கிராண்ட்மாஸ்டர் ஆவதற்கு 2500 ரேட்டிங்கோடு மூன்று நார்ம்களும், அதாவது பட்டத்துக்குரிய தரத்தில் ஒரு போட்டியில் ஆடியதற்கான தகுதிகளும், வேண்டும். ஒவ்வொரு நார்முக்கும் 2600 அளவிலான ஆட்டத்திறனைக் காட்ட வேண்டும். எதிராளிகளில் பட்டம் பெற்றவர்களும் வெளிநாட்டவர்களும் இருக்க வேண்டும். அத்தகைய போட்டிகளைத் தேடித்தான் அபிமன்யு தந்தையோடு ஹங்கேரியில் மாதக்கணக்கில் தங்கினார். ஆகவே அந்த நாட்கணக்கில் பிள்ளையின் திறமையோடு, உடன் அலைந்த பெற்றோரின் காலமும் பொருளும் சேர்ந்தே இருக்கின்றன.

இதை எங்களுக்கு விளக்கிச் சொன்னவர், மகளுக்கு ஆட்டம் கற்பித்த, அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஐயா அவர்கள். வயதைச் சொல்லி அவளை ஒருநாளும் அவர் விரட்டியதில்லை. 17 நாளில் சாதனையைத் தவறவிட்ட குகேஷ் 2024 டிசம்பரில் தம் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதையும், வைஷாலி 22 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனதையும் அவளிடம் அடிக்கடி எடுத்துச் சொல்வார். தோற்ற ஆட்டத்தின் குறிப்பைத்தான் முதலில் எடுத்து வைப்பார். எந்த நகர்வில் ஆட்டம் கைவிட்டுப் போனது என்பதை அவளே கண்டறியும் வரை, எவ்வளவு நேரமானாலும், வாய் திறக்காமல் எதிரில் அமர்ந்திருப்பார். காய்களை வைத்து இறுதிக்கட்ட ஆட்டங்களைப் பழக்கியதற்கு நிகராக, இந்தப் பொறுமைக்காகவும் ஐயாவுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். கட்டணம் என்று அவர் இதுவரை எதையும் பெற்றுக்கொள்ளவில்லை.

மாங்காய் வரத்து மிகுந்து கூடைகள் வைக்கவே இடமில்லாத நாட்களிலும், மாலையில் பிள்ளைகள் ஆட மண்டியின் பின்னறையை ஒழித்துக் கொடுத்த உரிமையாளர் அண்ணனுக்கும், போட்டிக்காக அவள் வராத நாட்களின் பாடங்களை மதிய இடைவேளையில் அமர்த்திச் சொல்லிக்கொடுத்த வகுப்பாசிரியைக்கும் நன்றி. நாங்கள் வெளியூர் சென்ற போதெல்லாம் எங்கள் சிறிய மகனைத் தம் வீட்டுப் பிள்ளையாக வைத்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. அவர் இல்லையென்றால் இந்தப் பயணங்களில் ஒன்றுகூட நடந்திருக்காது. பெங்களூருவில் தங்க இடம் தந்த உறவினர்களுக்கும், நுழைவுக் கட்டணத்தில் பங்கேற்ற நண்பர்களுக்கும் எங்கள் வணக்கம்.

மகளுடைய பயிற்சிக்கென்று நீங்கள் வாங்கித் தந்த செஸ் கடிகாரமும் பலகைகளும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஐயாவின் ஒப்புதலோடு அவற்றை மண்டியின் பின்னறையிலேயே வைத்திருக்கிறோம். உங்கள் பிள்ளைகளையும் மாலையில் அங்கே அனுப்பி வையுங்கள்.

நன்றியுடன்,
ஒரு தாய்,
கிருஷ்ணகிரி.